மாறு என்று கத்தும் பையன்

கழக்கூட்டத்தில் மகன் எடுத்திருக்கும் வாடகை ஃபிளாட்டுக்குப் போவதற்காகப் திருவனந்தபுரம் பழவங்காடி வீட்டைக் காலி செய்தபோது அந்தக் காமிக்ஸ் கையில் அகப்பட்டது. அசல் அட்டை எப்போதோ போய்விட்டது. தம்பி ஒட்டிய சிமெண்ட் சாக்குத் தாள் மட்டும் அப்படியே இருக்கிறது. போட்டது போட்டபடி கிடக்க, தரையில் உட்கார்ந்து வாசித்தேன். "அதையும் பழைய பேப்பர்காரன்ட்ட போட்டுரட்டா?" என்று கேட்ட மகன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

கதையில் ஐந்து பேர். எல்லோருக்கும் பதினாறு, பதினேழு வயது. பரீட்சை கிடையாது, வீட்டில் தேட ஆள் கிடையாது, உலகத்தைக் காப்பாற்றுவதுதான் ஜோலி. ஒருத்தி பறப்பாள். ஒருவனுக்குச் சுவருக்கு அப்பால் இருப்பது தெரியும். தம்பிக்குப் பிடித்தவன் கல்லாகிறவன். ஆபத்து வந்ததும் "மாறு!" என்று கத்துவான், அடுத்த கட்டத்தில் உடம்பெல்லாம் கருங்கல்லாக நிற்பான். அச்சில் சிவப்பு மை கோட்டுக்கு வெளியே விலகி, அவனுக்கு இரண்டு மூக்கு இருக்கும்.

அன்றைக்கு இவர்கள் எங்களுக்குப் பெரிய ஆட்கள். இப்போது பார்த்தால் மீசை அரும்பாத பிள்ளைகள். இவர்களை யார் சண்டைக்கு அனுப்பியது என்று கோபம்தான் வருகிறது.

எழுபதுகளில் நாகர்கோவிலிலிருந்து வந்த மாமா வாங்கிவந்தது. நான் அங்கே படித்துவிட்டு இங்கே வந்தவள், தமிழ் வாசிப்பேன். தம்பி திருவனந்தபுரத்திலேயே பள்ளிக்கூடம் போனவன், மலையாள எழுத்துதான் தெரியும். நான் வாசிப்பேன். அவன் என் தோளில் நாடியை வைத்துப் படம் பார்ப்பான்.

ஒருநாள் முற்றத்தில் விளையாடும்போது "மாறு!" என்று கூவி என்னைப் பிடித்துத் தள்ளினான். முட்டி சிராய்த்துவிட்டது.

"கல்லாவணும்னா நீ ஆவு. என்னை எதுக்குலே தள்ளுத?"

"நீ மாறாம நிக்க. பின்ன தள்ளண்டாமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மலையாளத்தில் ஒருவரைப் பார்த்து மாறு என்றால் விலகு, தள்ளிப் போ என்று அர்த்தம். இத்தனை நாளும் அந்தக் கல் பையன் கூட்டாளிகளை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, வருகிற அடியைத் தனியாக வாங்கிக்கொள்கிறான் என்றே தம்பி நினைத்திருக்கிறான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லி அவளையும் சிரிக்க வைத்தேன்.

"லே, அது உருவம் மாறுன்னு அவன் அவனுக்கே சொல்லுதது."

"தனக்குத்தானே பறையதுக்கு எதுக்கு இப்படிக் கூவணும்? சும்மா கல்லாயிட்டா போராதா?"

நான் என் அர்த்தத்தை விடவில்லை. அவனும் தன் அர்த்தத்தை விடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் எங்களுக்குள் சண்டைதான்.

சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த ஒரு காய்ச்சல் அவன் இதயத்தைக் கெடுத்து வைத்திருந்தது. பதினாறாவது வயதில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையில் சாய்ந்தே இருந்தான். இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு இளைக்கும். காமிக்ஸைக் கொண்டுவரச் சொன்னான். கொண்டுபோய் வாசித்தேன். கல் பையனின் பக்கம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அக்கா, நீ சொன்ன அர்த்தம் மதி." மதி என்றால் போதும். பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "கல்லாயிட்டா இங்க வலிக்காதுல்லா?"

இத்தனை வருஷம் விட்டுக்கொடுக்காதவன் விட்டுக்கொடுத்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லலே, நீ சொன்னதுதான் சரி. கூட்டாளிகளைத்தான் மாறச் சொல்லுதான்."

"சும்மா களியாக்காத" என்று சிரித்தான். கிண்டல் செய்கிறேனாம்.

அந்த வாரமே ஒரு காலையில் அவனுக்கு மூச்சு முட்டியது. டாக்டரும் நர்ஸும் ஓடிவந்தார்கள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோடு ஒட்டி நின்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "மாறு" என்றான். நான் கையை விட்டுவிட்டு விலகி ஜன்னலோரம் போய் நின்றேன். அவன் பேசிய கடைசிச் சொல் அதுதான்.

டாக்டருக்கு வழிவிடச் சொல்கிறான் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். இவ்வளவு காலமும் அப்படியே வைத்திருந்தேன், அதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. நேற்று அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தபோதுதான் அவன் கையைக் காட்டி நிறுத்தியது ஞாபகம் வந்தது. என் அர்த்தமே போதும் என்று சொன்னவனாயிற்றே. ஒருவேளை அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கலாம். வலிக்காமல் இருக்கக் கல்லாகப் பார்த்திருக்கலாம்.

அப்படியென்றால் நான் கையை விட்டிருக்கவே வேண்டாம்.