ரோச் போசனின் இரண்டாவது கோட்டு

ரோச் முப்பத்திமூன்று வருஷம் கப்பலில் இருந்தவர். கடைசிப் பதினைந்து வருஷம் போசன். அதாவது மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. கப்பலில் துரு பிடித்த இடத்தைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதும், அடித்து முடிக்கும்போது மறுமுனையில் துரு பிடித்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதும் அவர் தொழில். ஈரத்தில் அடிக்கக் கூடாது, நல்ல வெயிலில்தான் அடிக்க வேண்டும், எதற்கும் இரண்டு கோட்டு. இந்த மூன்றையும் அவர் பத்துக் கட்டளைகளுக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டார்.

லீவில் தூத்துக்குடிக்கு வந்தால், வீட்டில் நகராத பொருள் அத்தனைக்கும் பெயிண்ட் விழும். கேட், தண்ணீர்த் தொட்டி, ஒருமுறை அம்மிக்கல். அவர் மனைவி அமலோற்பவம், கப்பல் கரைக்கு வருகிறது என்று தெரிந்தாலே வேண்டியதை எடுத்து ஒளித்து வைக்கப் பழகிவிட்டாள். ரிட்டயர் ஆன பிறகு ஒளித்து வைக்கிற வேலை தினசரி ஆகிவிட்டது.

மொட்டைமாடியில் பதினான்கு தொட்டி ரோஜா அவளுடையது. இருபது வருஷத்துக்கு முன் ரோச் போன கப்பலிலிருந்து பதினோரு நாள் தகவலே இல்லை. ஆள் பத்திரமாக வந்தால் வருஷா வருஷம் லூர்து மாதா திருநாளன்று தெருக் குருசடியில், அந்தச் சின்னச் சிலுவைக் கோவிலில், இருக்கும் மாதாவுக்குச் சொந்தச் செடியில் பூத்த ரோஜாவில் மாலை போடுவதாக அவள் நேர்ந்துகொண்டாள். கடையில் வாங்கின பூ ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. ஆள் வந்து சேர்ந்தார். மாலையும் ஒரு வருஷம் தவறவில்லை.

இந்த வருஷம் ஜனவரிப் பனியில் இலைகளின்மேல் மாவு தூவியது மாதிரி வெள்ளை படர்ந்தது. மொட்டுகள் கோணிக்கொண்டன. திருநாளுக்கு ஐந்து வாரம் இருந்தது. தன் பெயரில் நேர்ந்த மாலை என்பதால் ரோச்சுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. நேராக உரக்கடை ஜேசுபாதம் அண்ணாச்சியிடம் ஒரு இலையைக் கொண்டுபோய் நீட்டினார்.

அண்ணாச்சி பார்த்ததும் சாம்பல் நோய் என்றார். தண்ணீரில் கரைக்கிற கந்தகத் தூள் ஒரு பாக்கெட் எடுத்து வைத்தார்.

"லிட்டருக்கு ரெண்டு கிராம், போசன். கூடப் போட்டுராதியும். காலையில வெயில் ஏறுமுன்ன அடிச்சிரணும். உச்சி வெயில்ல அடிச்சா இலை கருகிரும்."

ரோச் தலையாட்டினார். கப்பலில் புதிதாக வந்த இளவயசு ஆபீசர்கள் பெயிண்டைப் பற்றிப் பேசும்போதும் அவர் இப்படித்தான் தலையாட்டுவார்.

மறுநாள் அமலோற்பவம் முத்தையாபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். ரோச் காலையில் மாடிக்குப் போய் இலையைத் தொட்டுப் பார்த்தார். பனி ஈரம். ஈரத்தில் அடிப்பானா மனுசன்? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு இலை நன்றாகக் காய்ந்தது. லிட்டருக்கு ஆறு கிராம் கலக்கி, முகத்தில் துணி கட்டி, ஒரு கோட்டு அடித்தார். காய விட்டு இரண்டாவது கோட்டு.

மூன்றாம் நாள் மாடி, தீப்பிடித்த கப்பல்தளம் மாதிரி இருந்தது. இலை விளிம்பெல்லாம் காப்பிப்பொடி நிறம். மொட்டு சுருண்டு உதிர்ந்தது. அமலோற்பவம் ஒரு வார்த்தை திட்டவில்லை. கத்தரியை எடுத்துக் கருகியதை வெட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். முப்பத்திமூன்று வருஷத்தில் எந்தப் புயலும் போசனை இவ்வளவு பயமுறுத்தியதில்லை.

அதன்பின் ஒரு மாதம் அவர் தினம் நான்கு தடவை மாடியேறித் துளிர் பார்த்தார். துளிர் வந்தது. மொட்டு வரவில்லை. திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், பூக்கடைக்குப் போய்வரட்டுமா, மாதா மன்னிக்க மாட்டாளா என்று மெல்லக் கேட்டார். அமலோற்பவம் பக்கத்து வீட்டு ஜெபசெல்வியைக் கூப்பிட்டாள். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பச்சை இலை, பதினேழு சிவப்புப் பூ.

ரோச் மாடிக்கு ஓடி எண்ணிவிட்டு வந்தார். பன்னிரண்டுதான் இருந்தன. ஒரு மாதம் தினம் நான்கு தடவை பார்த்தவர், ஒருமுறைகூட எண்ணவில்லை.

"இத எப்ப ஏளா எடுத்து வச்ச?"

"நீங்க மருந்து வாங்கணும்னு செருப்ப மாட்டுனீயல்லா, அப்பவே."

அதே பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துப்போய், அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கேட்டு, ஜெபசெல்வி வீட்டுப் பின்கட்டில் வெயில் ஏறுமுன் அவளே அளந்து அடித்திருக்கிறாள்.

மாலை இந்த வருஷம் கொஞ்சம் குட்டைதான். மாதாவின் கழுத்தில் அது நன்றாகவே இருந்தது. ரோச் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் சாம்பிராணிப் புகை என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது கந்தகப் பாக்கெட் பீரோவுக்குள் இருக்கிறது, சாவி அமலோற்பவம் இடுப்பில். மருந்தடிக்கும் நாட்களில் காலை ஆறரைக்கு அவள் அடிக்கிறாள். போசன் வாளியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகிறார். இரண்டாவது கோட்டு எப்போது என்று அவர் கேட்பதே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான்.