பளபளத்த கத்தரிக்கோல்

கல்லூரியில் செவிலியப் பட்டம் பெற்று அரசுப் பணியில் சேர்ந்தவள் நான். என் பதிவேடுகளில் ஓர் அடித்தல் திருத்தலைக்கூட எந்த அதிகாரியும் கண்டதில்லை. எழுபதுகளின் இறுதியில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களின் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பயிற்சி முடித்த ஒவ்வொருவருக்கும் ஓர் அலுமினியப் பெட்டி கொடுத்தோம். தொப்புள்கொடியை வெட்ட ஒரு கத்தரிக்கோல், கட்ட நூல், இரண்டையும் கொதிக்கவைக்க ஒரு கிண்ணம். இருபது நிமிடம் கொதிக்க வேண்டும் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன்.

அங்கே உப்புக் காற்றுக்கு எதுவும் தப்பாது. முதல் ஆய்விலேயே ஒருத்தியின் கத்தரிக்கோலில் திருகாணி ஓரம் துரு. அதை எல்லோர் முன்னிலையிலும் தூக்கிக் காட்டிக் கண்டித்தேன். அடுத்த ஆய்வுகளில் அவளுடையதுதான் எல்லாவற்றிலும் பளபளத்தது. மாவட்ட அதிகாரி என்னைப் பாராட்டிக் குறிப்பெழுதினார். நானும் அதற்குத் தகுதியானவள் என்றே எண்ணினேன்.

ஒரு சித்திரை மாதக் காலையில் தடுப்பூசி போட அவளுடைய குப்பத்துக்குப் போனபோது, அவள் ஒரு பிரசவம் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நான் அந்தக் குடிசைக்குள் நுழைகையில் குழந்தை பிறந்து அழுதுகொண்டிருந்தது. அவள் மடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய பாதி பிளேடை எடுத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"பெட்டி எங்கே?"

"வூட்ல கீது நர்சம்மா. டிரங்குப் பொட்டில பூட்டி வெச்சிகிறேன்."

"பூட்டி வைப்பதற்கா கொடுத்தோம்?"

"அன்னிக்கு அத்தினி பேர் எதிர்ல என் மானத்த வாங்கினது யாரு? தண்ணில போட்டா துரு புடிக்கும், ரத்தம் பட்டா கறை புடிக்கும். அப்பால ஆபீசர் வந்து கேட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"

அதே வீட்டில் முந்தைய ஆண்டு பிறந்த குழந்தை, கொடி வெட்டிய புண் வழியே வரும் ரணஜன்னியால் ஏழாம் நாள் தாடை இறுகிப் பால் குடிக்க முடியாமல் இறந்திருந்தது. அந்தச் சாவைப் பதிவேட்டில் எழுதியவள் நான். அப்போதும் அந்தக் கத்தரிக்கோல் டிரங்குப் பெட்டிக்குள் பளபளத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பெட்டியை எடுத்துவர அவளை விரட்டினேன். கொடியை வெட்டாமலே குழந்தையைத் தாயின் வயிற்றில் கிடத்தித் துணியால் மூடினேன். பெட்டி வந்ததும் கிண்ணத்தை அடுப்பேற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

பெற்றவளின் மாமியார் அடுப்பை எட்டிப் பார்த்தாள். "இன்னும் ஆவலியா? இந்நேரம் நண்டே வெந்திருக்கும்."

"இருபது நிமிடம்" என்றேன்.

"இன்னாடி இது" என்று மருத்துவச்சியிடம் திரும்பினாள். "பெத்தவளே இம்மா நேரம் எடுத்துக்கல."

இருபது நிமிடம் முடிந்த பிறகுதான் மருத்துவச்சியைக் கொடியைக் கட்டி வெட்ட விட்டேன். ஏழாம் நாள் வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டுப் படகேறிப் போனேன். குழந்தை வாய் நிறையப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஆய்வில் அதிகாரி அந்தக் கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருகாணியைச் சுற்றிப் பழுப்புக் கறை. மருத்துவச்சி என் முகத்தையே பார்த்தாள்.

"அது பயன்படுத்தப்படும் கத்தரிக்கோல், ஐயா" என்றேன்.

அவர் சிவப்பு மையில், 'பராமரிப்பு போதாது' என்று என் பெயருக்கு நேரே எழுதினார். என் பணிக்காலத்தில் அப்படியொரு குறிப்பு அது ஒன்றுதான். கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

அவர் ஜீப் ஏறிய பிறகு அவள் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னருகே வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"நான் அன்னிக்கே சொன்னனே நர்சம்மா, கறை புடிக்கும்னு."