நடுங்கிய மிராசுதார்

கூலி உயர்வு கேட்டு ஆட்கள் நடவுக்கு இறங்காமலிருந்த நாட்கள் அவை. கும்பகோணத்துக்குக் கிழக்கே, கூலிக்காரர்கள் தெருவில், பட்டப்பகலில் ஒரு பொம்மலாட்டக்காரர் கைப்பொம்மை ஆட்டம் நடத்தினார். வழக்கமான ஆள் வராததால் அன்று மட்டும் நான் டோலக் வாசித்தேன். ஒல்லியான மனிதர். பொம்மைக்குள் கையை விடுமுன் அதற்குள் ஒருமுறை ஊதிக்கொள்வார்.

வலக்கையில் தொப்பைக்கார மிராசுதார், இடக்கையில் கோமாளிப் பண்ணையாள். பண்ணையாள் உலக்கையால் மிராசுதாரை அடிக்க வேண்டிய கட்டத்தில், நிஜ மிராசுதாரின் அடியாட்கள் ஆறு பேர் தடியோடு வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள். படுதாவுக்கு மேலே மிராசுதார் பொம்மை கிடுகிடுவென்று நடுங்கியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"நிறுத்திடுங்கய்யா," என்றேன் மெல்ல.

"நிறுத்துனா நடுங்குறது நான்னு தெரிஞ்சுடும் தம்பி. இப்ப மிராசுதார் நடுங்குறாருன்னுதான் சிரிக்கிறாங்க. நீங்க வாசிங்க."

உலக்கையடி விழுந்தது. அடியாட்களில் ஒருவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். ஆட்டம் முடிந்ததும் எங்களுக்கு வழிவிட்டார்கள். ஏனென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பஸ் ஏறியபிறகும் அவர் வலக்கைப் பொம்மையைக் கழற்றவில்லை. கும்பகோணம் வரை அது அவர் மடியில் நடுங்கிக்கொண்டே வந்தது.