கண்ணாடியைத் தட்டிய நண்டு

பிள்ளைகளே, உத்திரமேரூர் பக்கம் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் லேப் அட்டெண்டர். ஒருநாள் எங்கள் மேடம், சதுரங்கப்பட்டினத்தில் வலையில் சிக்கிய ஒரு ஜோடியைக் கடல்தண்ணீர்க் கேனில் கொண்டுவந்தார். ஒன்று துறவி நண்டு, மற்றது பூவிதழ் போலக் கைகளை விரிக்கும் கடல் சாமந்தி என்ற உயிர். இந்த நண்டு சாதாரணமாகச் செத்த நத்தையின் ஓட்டில் குடியிருக்கும். இதற்கோ சாமந்தியே தன் அடிப்பாகத்தால் பித்தளைத் தகடு போல ஒரு கூடு கட்டித் தந்திருந்தது.

வழியில் காற்று போதாமல் நண்டு கூட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது. சாமந்தி கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிட்டது.

"சுருங்கினபடியே ஃபார்மலின்ல போட்டுப் பதப்படுத்தினா கை ஒன்னும் தெரியாது. புது இனம்னு எப்படிச் சொல்றது? கிடைச்சது இது ஒன்னுதான்" என்றார் மேடம்.

முதலில் மயக்க வேண்டும். அதற்குப் புதினா உப்பு. நாட்டு மருந்துக் கடைக்காரர், "இன்னாப்பா, பல்லு வலியா?" என்றார்.

"எனக்கில்லண்ணே, கடல் சாமந்திக்கு."

அவர் சிரிக்கவில்லை.

தட்டில் கடல்தண்ணீர் ஊற்றி, சாமந்தியைக் கூட்டோடு வைத்து, உப்பைக் கொஞ்சம் தூவினேன். ஒரு கைகூட வெளியே வரவில்லை. தனித் தொட்டியில் இருந்த நண்டு, வெளுத்த வயிறு சுருண்டு தெரிய, தட்டு இருந்த பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டியது. டக், டக். தட்டை எதிர்ப்பக்கம் மாற்றினேன். அங்கேயும் வந்து தட்டியது. இரண்டுக்கும் தண்ணீர் வேறு, நடுவே கண்ணாடி. எப்படித் தெரிந்ததோ!

லேப் பெருக்கும் ஸ்டெல்லா அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டார். "யாரையோ கூப்டுக்கினு கீது தம்பி."

"பேஜார் பண்ணாதக்கா."

"நானா பேஜாரு? அதாண்ட சொல்லு."

மேடம் தொட்டியருகே வந்து குனிந்து பார்த்தார். பிறகு, "புதுக் கடல்தண்ணி ஊத்தி ரெண்டையும் சேர்த்து வைங்க" என்றார்.

நண்டு சாமந்தியிடம் போய்க் காலால் மெல்லத் தட்டியது. ஒரு கை நீண்டது. பிறகு எல்லாக் கைகளும் விரிந்தன. நண்டு பின்பக்கமாகக் கூட்டுக்குள் நுழைந்தது.

"இப்ப உப்பைப் போடுங்க" என்றார் மேடம், தாழ்ந்த குரலில்.

புதினா வாசனை லேப் முழுக்க நிறைந்தது. ஊசியால் தொட்டேன். இரண்டும் அசையவில்லை. கைகள் விரிந்தபடியே இருந்தன. ஃபார்மலினை ஊற்றினேன். பிறகு எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்ததில், சாமந்தி புது இனம்தான் என்று உறுதியானது.

ஒட்டி வாழும் உயிர்கள் வந்தால் பிரித்து வைக்கக் கூடாது என்று அன்று கற்றேன். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நண்டை நம்பித்தான் சாமந்தி திறந்தது. நாங்கள் கையில் ஃபார்மலினோடு காத்திருந்ததும் அது திறப்பதற்காகத்தான்.