ஒன்பது ஜோடி செருப்பு

பட்டாசு மருந்து அடைக்கும் அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. உரசினால் தீ. வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கம்பெனியில் முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்தும் அந்தச் செருப்புகளை நானாக எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணியவர் ஒரு ஜெர்மன்காரர்.

அவர் அந்த நாட்டு எம்.பி. வக்கீலாக ஆரம்பித்து, சொந்த ஊருக்கு மேயராகி, பிறகு பாராளுமன்றம் போனவர். அவர் தொகுதி வியாபாரி ஒருவர் புத்தாண்டுக்கு எங்களிடம் மத்தாப்பு வாங்க நினைத்தார். அந்த வியாபாரியோடு இவரும் கூட வந்தார். தொழில் செய்கிறவனை அரசாங்கம் சும்மா நோண்டக் கூடாது என்பது அவருடைய லிபரல் கட்சியின் கொள்கை. அதைக் கேட்டதும் எங்கள் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"நம்ம ஆளுதான் அண்ணாச்சி. இன்ஸ்பெக்சனே வேண்டாம்ங்கிற கட்சி," என்றார்.

ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். நாலு பக்கமும் வாசல். தீப்பிடித்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடலாம். சீசனில் நாங்கள் ஒன்பது பேரை உட்கார வைப்போம். யாராவது பார்க்க வந்தால் ஐந்து பேரைப் பின்வாசல் வழியாகக் கருவேலங்காட்டுக்குள் அனுப்பிவிடுவோம். அன்றும் விஸ்வநத்தம் ரோட்டில் கார் திரும்பிவிட்டது என்று போன் வந்ததும் அனுப்பினோம். அவசரத்தில் அவர்கள் செருப்பு முன்வாசலிலேயே கிடந்தது.

ஜெர்மன்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். நாலு பேர். பிறகு குனிந்து வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். காபி குடித்தார், போட்டோவுக்கு நின்றார்.

எனக்குத்தான் இங்கிலீஷ் வரும் என்பதால், மதுரை ஏர்போர்ட்டில் அவரைக் கொண்டுவிட நான் போனேன். வழியில் தானாகவே சொன்னார். மேயராக இருந்தபோது ஊர்ப் பட்டறைகளில் சோதனையைப் பாதியாகக் குறைத்தாராம். நேர்மையாகத் தொழில் செய்கிறவனுக்குக் காவல் எதற்கு என்று மேடைதோறும் பேசினாராம். பிறகு ஒரு பெயின்ட் குடோன் எரிந்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். அடுத்த தேர்தலில் தோற்று, பல வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத்தான் எம்.பி. ஆகியிருக்கிறார்.

"அந்தக் குடோன் ஃபைலில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றார். கொஞ்சதூரம் போனதும் கேட்டார்: "மற்ற ஐந்து பேர் எங்கே?"

சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்றேன்.

"வெறுங்காலோடா?"

ஏர்போர்ட்டில் அவர் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது, காட்டுக்குள் ஓடிய ஐவரில் ஒருத்தியான மாரியம்மாள் ஊக்கை வைத்துக் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெரட்டுறதுதான் வெரட்டுறீக, செருப்பையாவது எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லக் கூடாதாய்யா?"

ஒன்பது பேர் வேண்டாம் என்று அன்றைக்கே முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். என் மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது; வேலை போய்விடுமோ என்று பயம். செருப்பு விஷயத்தை மட்டும் சொன்னேன். இனிமேல் கையில் எடுத்துக்கொண்டு ஓடட்டும் என்றார். அறை அறையாகப் போய் அந்த உத்தரவைச் சொன்னவன் நான்தான்.

ஜெர்மனியில் அடுத்த தேர்தலில் அந்த எம்.பி.யின் கட்சி படுத்துவிட்டது. பதவி போய் மறுபடி வக்கீலானவர், என் பெயருக்கு ஒரு கடிதம் போட்டார். ஒரே கேள்வி: இப்போது அந்த வாசலில் எத்தனை ஜோடி?

இன்ஸ்பெக்சன் நாள் வரும்வரை காத்திருந்து, போய் எண்ணினேன். நாலு. நாலு என்றே எழுதினேன். பொய் இல்லை.

மனசு நிம்மதியாக இருக்கிறது, நன்றி என்று பதில் வந்தது. அதை இரண்டாம் தடவை படிக்க எனக்குத் தெம்பில்லை.

என் காலத்தில் அந்த அறை எரியவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை. புதிதாக சூப்பர்வைசர் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். வாசலில் நின்று எண்ணாதீர்கள். பின்பக்கம் கருவேலங்காட்டுக்குள் போய் எண்ணுங்கள். நான் ஒரு நாளும் போனதில்லை.