தெருவெல்லாம் மோட்டார் போட்ட மத்தியானம்

கருமத்தம்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. என் கணவருக்கு நுரையீரல் கெட்டு, இப்போது ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறார். கரண்ட் போனால் மாற்ற ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரைதான் அது தாங்கும்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. யாரோ ஆபீசர் மாதிரிப் பேசினார். சப்ஸ்டேஷனில் பெரிய பழுதாம், சாயங்காலம் முதல் மூன்று நாள் கரண்ட் வராதாம். அவ்வளவுதான். கரண்ட் இருக்கும்போதே நெய்துவிடலாம் என்று சும்மா கிடந்த தறிகளையெல்லாம் ஓட்டினார்கள். எல்லா வீட்டிலும் தண்ணீர் மோட்டார் ஓடியது. தொட்டி நிரம்பட்டும் என்று நானும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வோல்டேஜ் இறங்கி ஃபேன் சோர்ந்து சுற்றியது. ஆக்சிஜன் மெஷின் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது.

எங்கள் பகுதி லைன்மேனுக்குப் போன் செய்தேன்.

"யாரோ பொய்யாக் கெளப்பி உட்டுருக்காங்கக்கா. ஆனா எல்லாரும் ஒரேயடியா இழுத்தீங்கன்னா டிரான்ஸ்பார்மர் எரிஞ்சுபோகும். அப்புறம் நெசமாவே மூணு நாள்தானுங்க."

உடனே மோட்டாரை நிறுத்தினேன். குழுவில் சொல்ல வேண்டும். கும்பிடு பொம்மையைத் தவிர நான் அதில் எதுவும் போட்டதில்லை. நாலு பேர் இருந்தால் எனக்கு வாயே வராது. எழுதிப் பார்த்தேன், எழுத்தெல்லாம் தப்பாக விழுந்தது. மெஷின் மறுபடியும் கத்தியது. மைக்கை அழுத்திவிட்டேன்.

"ஏனுங்க, அந்தச் சேதி பொய்யுங்க. லைன்மேன்கிட்டக் கேட்டுப்போட்டேன். எங்க மோட்டார நிறுத்திப்போட்டேன். நீங்களும் கொஞ்சம் நிறுத்துங்க. இவரு மெஷின் கத்துதுங்க."

முதலில் எதிர்வீட்டுத் தறி நின்றது. அப்புறம் கோயிலோரத்தில் ஒன்று. ஒவ்வொன்றாக அடங்கி, எங்கள் தெருவில் பட்டப்பகலில் காக்கை கத்துவது கேட்டது. ஃபேன் வேகம் பிடித்தது. மெஷினும் கத்துவதை விட்டது. அவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏனுங்கம்மணி, உங்களுக்குப் பேச வருமா? கும்பிட மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன்."

அவர் வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "அந்தப் பொய்யக் குரூப்புல போட்டதே நீங்கதானுங்க. பேசாம உள்ள வாங்க."

சாயங்காலம் கரண்ட் எங்கும் போகவில்லை. தறிகள் ஆளுக்குக் கொஞ்சமாக ஓடின. என் கணவர் மூக்கில் குழாயோடு, நான் பேசியதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நிறுத்துங்க" என்றேன்.

"எத, மோட்டாரயா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் போட்டார்.