ஸ்டெல்லா மேடத்தின் டீ நேரம்

ஸ்டெல்லா மேடம் போய்விட்டார். இன்று காலை, சிதம்பரத்தில், வீட்டிலேயே. மாரடைப்பு.

எங்கள் லைனில் வேலை செய்யும் செல்விதான் போன் செய்து சொன்னார்.

கடலூரில் நான் வேலை செய்யும் மருந்து கம்பெனியில் மேடம் பேக்கிங் லைன் சூப்பர்வைசராக இருந்தார். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனவர். போன வருஷம்தான் உடம்பு முடியாமல் வேலையை விட்டார்.

கம்பெனி குரூப்பில் "முன்னாள் ஊழியர் காலமானார்" என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். ஒரு வரியெல்லாம் பத்தாது.

காலை டீ நேரத்தில் லைனில் இருக்கும் எல்லோரையும் ஒன்றாக நிற்க வைப்பார். நேற்று எது தப்பாகப் போனது, யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னவரைத் திட்டக் கூடாது. அது ஒன்றுதான் ரூல்.

நான் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஆரம்பத்தில் சிரித்திருக்கிறேன். எனக்குத் தெரியாத எதைச் சொல்லிவிடப் போகிறார்கள் என்று...

ஒரு மழைக்காலம். சிரப் பாட்டிலில் ஒட்டிய லேபிள் எல்லாம் உரிந்து வந்தது. பசையை மாற்றினேன், ரோலரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. புது மெஷின் கேட்டு ஹெட் ஆபீசுக்கு எழுத மேனேஜர் தயாராகிவிட்டார்.

அப்போதுதான் டீ நேரத்தில் செல்வி பேசினார். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வரும் காண்ட்ராக்ட் தொழிலாளி. காலி பாட்டில் பெட்டிகளைப் பிரிப்பது அவர் வேலை.

"குடோன்லேர்ந்து நேரா வர்ற பாட்டிலு வேர்த்துப் போயி இருக்குது சார். பாய்லர் ரூம் செவுத்தோரம் கெடந்த பெட்டியில ஒண்ணுகூட உரியல."

சிரிக்கப் போனேன். ஸ்டெல்லா மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

அன்று மாலையே பெட்டிகளை அந்தச் சூடான சுவரோரம் அடுக்க வைத்தார். மறுநாள் ஒரு லேபிள்கூட உரியவில்லை. புது மெஷின் பேச்சும் அதோடு போனது.

ஹெட் ஆபீஸ்காரர்கள் வந்த மீட்டிங்கில் மேனேஜர் அதைத் தன்னுடைய ஐடியா என்று சொன்னார். அதற்கான ஸ்லைடைச் செய்தவன் நான். அதிலிருந்து செல்வி பெயரை எடுத்துவிடச் சொன்னார், எடுத்தேன். இத்தனை வருஷத்தில் இன்றுதான் இதை வெளியில் சொல்கிறேன்.

பின்வரிசையிலிருந்து ஸ்டெல்லா மேடம் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"சார், இது செல்வி கண்டுபுடிச்சது. அவுங்க இப்ப லைன்லதான் இருக்காங்க. கூப்புட்டா வந்து சொல்லுவாங்க."

யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் மேடத்தை டெஸ்பாட்ச் குடோனுக்கு மாற்றினார்கள். டீ நேரத்தில் கூட்டம் போடக் கூடாது என்று உத்தரவு வேறு. டைம் வேஸ்ட்டாம்.

மேடத்திடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள், செல்வியிடம் போய்க் கேளுங்கள் என்றார்.

போனேன். செல்வி கையிலிருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பேரு கெடக்கட்டும் சார். நாளைக்கு நான் ஒண்ணு சொன்னா, கேக்க ஆளு இருக்குமா?"

மறுநாள் டீ நேரத்தில் லைனில் போய் நான் நின்றேன். நான்கு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் எல்லோரும். மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி அங்கேயே போய் நின்றேன்.

குடோனில் மேடம் மட்டும் சும்மா இருந்தாரா என்ன? லோடு ஏற்றுபவர்கள் சொன்னதைக் கேட்டு, லாரியில் பெட்டி அடுக்கும் முறையையே மாற்றினார். வழியில் பாட்டில் உடைவது குறைந்தது.

யோசனை சொன்னவர்களின் பெயரைக் குடோன் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார். அழித்தார்கள். திரும்ப எழுதினார். திரும்ப அழித்தார்கள்... வேலையை விடும் நாள்வரை எழுதினார்.

நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். மேனேஜரும் இருக்கிறார். இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்ப நினைப்பவர்கள் தாராளமாக அனுப்பலாம்.

நாளை காலை சிதம்பரத்தில் அடக்கம். லைனிலிருந்து பதினோரு பேர் லீவு கேட்டோம். மூன்று பேருக்குத்தான் தர முடியும் என்று பதில் வந்திருக்கிறது.

பதினோரு பேரும் வருகிறோம், மேடம்.